முண்டா, முடிச்சா? தடப்பள்ளி வாய்க்கால் கரையில் ஒரு பாடம்!

ஈரோடு மாவட்டம், கோபிசெட்டிபாளையத்திலிருந்து சத்தியமங்கலம் செல்லும் சாலையில் போனால், பவானி ஆற்றின் குறுக்கே கொடிவேரி அணை. அங்கிருந்து பிரியும் தடப்பள்ளி வாய்க்காலை ஒட்டி நெல், வாழை, கரும்பு, மஞ்சள் எனப் பச்சை விரிந்து கிடக்கிறது. சித்திரை வெயிலில் நாம் போனபோது, ஒரு வயல் மட்டும் மஞ்சள் பூக்களோடு நின்றது. ஆளுயரச் சணப்பு.

வரப்பிலிருந்த விவசாயி, கையோடு ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினார்.

“முன்னெல்லாம் தட்டைப்பயறு விதைச்சு, மடக்கி உழுதுட்டுத்தானுங்க மஞ்சள் நடுவேன். பயறு வேர்ல உருண்டை உருண்டையா இருக்கும். தழைச்சத்து முண்டுன்னு நெனச்சுச் சந்தோசப்பட்டேன். ஆனா, மஞ்சள் பழுத்து, குன்னிப் போச்சுங்க. ரெண்டு வருசம் அப்படியே. வீட்டுக்காரம்மா நகையை அடமானம் வெச்சு நட்ட வெள்ளாமைங்க அது. அப்புறம்தான் அது முண்டு இல்ல, நூற்புழு முடிச்சுன்னு தெரிஞ்சுது” என்றார்.

இரண்டையும் பிரித்தறிவது எளிது. தழைச்சத்து முண்டு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும்; விரலால் தள்ளினால் உதிரும்; நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. நூற்புழு முடிச்சு, வேரே வீங்கியது, தள்ளினால் உதிராது. தட்டைப்பயறு, பாசிப்பயறு இரண்டிலும் வேர்முடிச்சு நூற்புழு பெருகும். பசுந்தாள் என்று அவற்றை விதைத்தால், சில சமயம் புழுவுக்கே தீனி போட்டதாகிவிடும்.

சணப்பு அப்படியல்ல. வேருக்குள் புழு நுழைந்தாலும் வளர்ந்து முட்டையிடுவது கடினம். மடக்கி உழுதபின், மட்கும் தழையும் புழுவை ஒடுக்குகிறது.

“பங்குனியில நெருக்கமா விதைச்சு, 45, 50 நாள்ல பூவெடுக்கும்போது மடக்கிருவேன். தண்டு முத்துனா மட்க நாளாகும். ரெண்டு, மூணு வாரம் ஈரத்துல மட்க விட்டுத்தான் மஞ்சள் நடுவேன். பச்சையா இருக்கும்போதே நட்டா கிழங்கு அழுகும். நடுவுல மணத்தக்காளி மாதிரி களை நின்னா, புழு அதுல தங்கிக்கும். ஒரே தடவையில ஒழியாதுங்க. மூணு வருசமாப் போடறேன், இப்பத்தான் மஞ்சள் தூர் கட்டுது. நகையையும் போன தையில மீட்டுட்டேன்” என்றவர், பிடுங்கிய செடியை வயலிலேயே போட்டார்.

இந்தமுறை பசுந்தாளை மடக்குமுன், வயலின் நான்கு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு செடியைப் பிடுங்கி, வேரைக் கழுவிப் பாருங்கள்.