கடைசி வேலை

மரப்பெட்டி செய்கிறவனுக்கு எல்லாவற்றுக்கும் கடைசியில் வருவது, உள்ளே ஃப்ளாக் என்ற இழைத்தூள் போடும் வேலை. பலகை அறுத்து, இழைத்து, மூலைகளைப் பூட்டி, கீல் பொருத்திப் பார்த்துக் கழற்றி வைத்து, வெளிப்பக்கம் உப்புத்தாள் போட்டு, வார்னிஷ் அடித்து, அதுவும் காய்ந்த பிறகுதான் உள்ளே கை வைக்கலாம். முன்னாலேயே போட்டுவிட்டால் இழைத்த தூசு அத்தனையும் ஃப்ளாக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஊதினாலும் போகாது, தட்டினாலும் போகாது.

அதனால் அந்த வேலை வந்து சேரும் நேரம் பொல்லாத நேரம். இடுப்பு விட்டுப்போயிருக்கும். பெட்டி கேட்டவர் இரண்டு தடவை போன் போட்டிருப்பார். வெளியே பளபளவென்று இருப்பதைப் பார்த்து மனசும் முடிந்தது என்று சொல்லிவிடும். தம்பி, உன்னை நான் அந்த நேரத்தில்தான் கவனிப்பேன். உளி பிடிக்கும் ஆசையில் முதல் நாள் எல்லாரும் நல்ல ஆசாரிதான்.

திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பிள்ளைகள் பெட்டி வேலை கேட்டு வருகிறீர்கள். நகைப்பெட்டி, வெள்ளிக் குங்குமச்சிமிழ் வைத்துச் சீர் கொடுக்கும் பெட்டி, கைக்கடிகாரப் பெட்டி. சந்தோஷம். மரவேலையில் நம் பக்கத்துக்குப் பேர் உண்டு. 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் சிற்பத்துக்கு உள்பக்கம் என்று ஒன்று இல்லை. பெட்டிக்கு உண்டு. சொல்லப்போனால் காசு கொடுப்பவர் வாங்குவதே அந்த உள்பக்கத்தைத்தான்.

ஃப்ளாக் என்பது ரேயான், நைலான் மாதிரியான இழையைப் பொடிப்பொடியாக நறுக்கிய தூள். நாம் கையால் போடுவது பெரும்பாலும் ரேயான். ஓர் இழை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. காருக்குள் தலையாட்டிக்கொண்டிருக்கும் நாய்பொம்மையின் மேல் இருப்பது இதுதான். கார்க் கண்ணாடி ஏறி இறங்கும் ரப்பர் பள்ளத்திலும், பனியனில் தடவினால் மெத்தென்று இருக்கும் எழுத்திலும் இதுதான். ஆலைகளில் பல ஆயிரம் வோல்ட் மின்சாரத்தைக் கொண்டு ஒவ்வோர் இழையையும் நிமிர்த்தி நிற்கவைக்கிறார்கள். நம்மிடம் இருப்பது அட்டைக்குழாயும் டீ வடிகட்டியும். பாதி இழை நிற்கும், பாதி சாயும். அதற்கும் ஓர் அழகு உண்டு. இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டிலேயே, கம்பளித் துணியைக் கத்தரிக்கும்போது உதிர்ந்த தூளைப் பசைமேல் தூவிச் சுவர்த்தாள் செய்தார்கள். கூட்டித் தள்ளவேண்டிய குப்பை பணக்காரர் வீட்டுச் சுவரில் ஏறியது. பட்டறையைக் கூட்டும்போது கொஞ்சம் பார்த்துக் கூட்டு.

முதலில் உள்பக்க மரத்துக்குச் சீலர் அடி. அடிக்காத மரம் பசையைக் குடித்துவிடும். குடித்த இடத்தில் தூள் பிடிக்காமல் வழுக்கை விழும். மேலேதான் தூள் மூடப்போகிறதே, அடியில் எப்படி இருந்தால் என்ன என்று பிள்ளைகள் நினைக்கிறீர்கள். மூடாது. பசை வழிந்த கோடு, பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்த ஒற்றை மயிர், மரத்தூள் உருண்டை எல்லாம் அப்படியே எழும்பித் தெரியும். ஒரே நிறம் என்பதால் கண் நேரே அங்கேதான் போய் நிற்கும். பூசி மறைக்கலாம் என்று நம்பி இந்த வேலைக்கு வராதே.

பசையும் தூளின் நிறத்திலேயே இருக்கவேண்டும். பச்சைத் தூளுக்குப் பச்சை, சிவப்புக்குச் சிவப்பு. சித்திரை வெயிலில் தண்ணீர்ப் பசை, பாதிப் பெட்டி பூசுவதற்குள் தோல் கட்டிவிடும். நம் ஊருக்கு எனாமல் மாதிரி எண்ணெய்ப் பசைதான் தோது. ஈரம் இருக்கும்போதே தூளைப் போடு. போடும்போது கஞ்சத்தனம் பார்க்காதே. அடி தெரியாத அளவுக்குக் கொட்டு. பசை தன்னால் பிடிக்க முடிந்ததைப் பிடித்துக்கொள்ளும், மீதியைக் காய்ந்த பிறகு கவிழ்த்துத் தட்டி டப்பாவில் எடுத்துக்கொள்ளலாம். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவரும் அப்படித்தான். காலையில் வாயைத் திறந்தால் சாயங்காலம்தான் மூடுவார். நான் பிடித்துக்கொண்டது கொஞ்சம். மீதியைத்தான் இப்போது உன் தலையில் கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

கொட்டிய பிறகு ஒரு நாள் முழுக்கத் தொடாதே. காய்ந்துவிட்டதா என்று விரல் வைத்தால், அந்த விரல் தடம் பெட்டி இருக்கும்வரை இருக்கும். கார்த்திகை மழையில் ஒரு நாள் போதாது, கூடவே விடு. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட வாரத்தில் பசை டப்பாவைத் திறக்கவே வேண்டாம், மரமே உப்பிக்கிடக்கும். மழைக்கு உப்புவதும் வெயிலுக்குச் சுருங்குவதும் மரத்தின் குணம். அசையாத மரம்தான் வேண்டும் என்றால் திருவக்கரைக்குப் போ, சுமார் 2 கோடி வருஷத்துக் கல்மரங்கள் கிடக்கின்றன, உளிதான் இறங்காது. ஒட்டிய துணியில் இந்த அசைவால் சுருக்கம் விழுவது உண்டு. ஃப்ளாக் தனித்தனி இழை என்பதால் மரத்தோடு சேர்ந்து போய்வரும். காத்திருக்க முடியாத வாடிக்கையாளர் கோபித்தால் கோபிக்கட்டும். நாளைக்கு என்று பொய்த் தேதி சொல்லிவிட்டு ஈரப்பெட்டியைக் கொடுப்பதைவிட, அடுத்த வாரம் என்று முகத்துக்கு நேரே சொல்லப் பழகு. இளவயதில் அதுதான் கஷ்டம், தெரியும்.

இனி மூக்கு. முகக்கவசம் இல்லாமல் தூள் டப்பாவைத் திறந்தால் என் பட்டறையில் இடமில்லை. 1990களில் அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்து நைலான் ஃப்ளாக் ஆலைத் தொழிலாளர்களுக்கு நுரையீரல் கெடுவதை டேவிட் கெர்ன் என்ற மருத்துவர் கண்டுபிடித்தார். 1997இல் அதை மருத்துவ மாநாட்டில் சொல்லப்போனபோது, ரகசிய ஒப்பந்தம் இருக்கிறது, பேசக்கூடாது என்றது ஆலை. அவர் வேலை பார்த்த மருத்துவமனையும் வேண்டாம் என்றது. அவர் சொன்னார். பணி ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. 1998இல் அந்த ஆய்வு மருத்துவ இதழில் வெளியாகி, ஃப்ளாக் தொழிலாளர் நுரையீரல் என்று அந்த நோய்க்கே பேர் வந்தது. நம்முடையது ரேயான், நாம் போடுவதோ மாதத்துக்கு நாலு பெட்டி என்று நீ வாதாடலாம். வாதாடு, கவசத்தைப் போட்டுக்கொண்டு வாதாடு. மின்விசிறியையும் நிறுத்து.

கவிழ்த்துத் தட்டியதும் பெட்டியை மூடிவிடாதே. பசை வாடை முழுக்கப் போகும்வரை திறந்தே வை. வாடை அடிக்கும் பெட்டியில் வெள்ளியை வைத்தால் கறுத்துப்போனது உன் பெட்டியால்தான் என்று வாங்கியவர்கள் சொல்வார்கள், சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். விற்கும்போது வெல்வெட் என்று சொல்லாதே. இது துணி இல்லை, ஈரத்துணி போட்டுத் தேய்க்கக்கூடாது, மெல்லிய பிரஷ்ஷால் தூசு தட்டினால் போதும் என்று எழுதி மூடிக்குள் ஒரு சீட்டு வை. வெல்வெட்தான் வேண்டும் என்று கேட்பவரிடம், ஒட்டித் தரும் கடையைக் காட்டிவிட்டு அடுத்த பலகையை எடு.