கப்பல் கிளம்பிய இரவு

பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஆர்மீனியன் தெருவுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு நீண்ட வரிசை. சுவரில் வரையப்பட்ட இரண்டு குழந்தைகள் ஒரு நிஜ சைக்கிளில் உட்கார்ந்திருக்கிறார்கள். 2012இல் ஒரு லிதுவேனிய ஓவியர் வரைந்தது. அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள உலகமே காத்திருக்கிறது. பொய் சொல்வானேன், நானும் இருபது நிமிடம் வெயிலில் நின்றேன்.

அந்த வரிசையில் நிற்கும் பலர் அதே தெருவின் 120ஆம் எண் வீட்டைக் கவனிக்காமலே போய்விடுகிறார்கள். முன்பக்கம் குறுகலாக, உள்ளே போகப் போக நீண்டுகொண்டே போகும் வீடு. நடுவில் வானம் பார்த்த முற்றம். செட்டிநாட்டு வீட்டைக் கொஞ்சம் ஒல்லியாக்கியது போல இருக்கிறது. 1910இல் சீனப் புரட்சியாளர் சன் யாட் சென் இங்கேதான் தன் இயக்கத்தின் தென்கிழக்காசியத் தலைமையகத்தை வைத்திருந்தார். அந்த நவம்பரில் பினாங்கில் கூடிப் பேசித் திட்டமிட்ட கிளர்ச்சி அடுத்த ஏப்ரலில் குவாங்சோவில் வெடித்துத் தோற்றது. ஆனால் அதே 1911 அக்டோபரில் எழுந்த புரட்சி சீனப் பேரரசையே முடித்துவைத்தது.

சன் பிறந்தது 1866. சீனாவைப் பதினான்கு ஆண்டுகள் சின்னாபின்னமாக்கிய தைப்பிங் உள்நாட்டுப் போர் ஓய்ந்து இரண்டே வருடம் ஆகியிருந்தது. அதில் செத்தவர்கள் 2 கோடி இருக்கும் என்கிறார்கள். கிளர்ச்சியை அடக்க அரசுக்கு உதவியவர்களில் வெளிநாட்டு அதிகாரிகளும் இருந்தார்கள். அபினிப் போர் என்ற பெயரில் பீரங்கிக் கப்பல்களோடு வந்தவர்களும் அவர்களே. சன் சிறுவனாக இருந்தபோது ஊரில் ஒரு பழைய தைப்பிங் வீரர் சொன்ன கதைகளைக் கேட்டுத்தான் வளர்ந்தாராம். புரட்சி அவருக்குப் புத்தகத்துக்கு முன்பே, திண்ணையில் கேட்ட கதையாக வந்திருக்கிறது.

சில வீடுகள் தள்ளி சையத் அலதாஸ் மாளிகை. 1873இல் டச்சுக்காரர்கள் சுமத்ராவின் ஆச்சே மீது போர் தொடுத்தபோது ஆச்சே போராளிகளுக்குப் பின்பலமாக இருந்ததாக அறியப்படும் வணிகரின் வீடு. யார் யாரோ எங்கெங்கோ நடத்திய போர்கள் எல்லாம் இந்தச் சின்னத் தெருவில் வந்து குடியேறியிருக்கின்றன.

நான் பினாங்குக்கு வந்தது சீனப் புரட்சியைத் தேடி அல்ல. எங்கள் வீட்டில் 'பினாங்குத் தாத்தா' என்று ஒருவர் உண்டு. நான் பார்த்ததில்லை, அப்பாவும் பார்த்ததில்லை. என் தாத்தாவின் அண்ணன். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்து இங்கே ஒரு கிட்டங்கியில் கணக்கு எழுதினார். ஒருமுறை ஊருக்கு வந்து கல்யாணம் செய்துகொண்டு, மூன்று மாதத்தில் மறுபடி கப்பல் ஏறினார். 1941 வரை மணியார்டர் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

ஆர்மீனியன் தெருவிலிருந்து கார்ன்வாலிஸ் கோட்டைக்கு நடந்தே போய்விடலாம். வழியில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், மகா மாரியம்மன் கோயில், கடைத்தெருவின் மல்லிகைப்பூ வாசனை, ஒரு கடையில் இளையராஜா, எதிர்க்கடையில் அனிருத். ஒரு நாசி கண்டார் கடையில் எல்லாக் குழம்பையும் ஒன்றாக ஊற்றிச் சாப்பிட்டேன். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இப்போது கோட்டை.

1941 டிசம்பர் 11 அன்று ஜப்பானிய விமானங்கள் இந்த ஊர் மீது குண்டு போட்டன. விமானத்தைப் பார்க்க ஜனங்கள் தெருவுக்கு ஓடி வந்திருக்கிறார்கள். வேடிக்கை பார்க்க நின்றவர்கள் மீதே குண்டு விழுந்தது. தீவின் தெற்கே பத்து மாவுங் குன்றில் பிரிட்டிஷார் கடலைக் காக்க ஒரு கோட்டையே கட்டி வைத்திருந்தார்கள். எதிரியோ வடக்கே தாய்லாந்துப் பக்கமிருந்து தரைவழியாக இறங்கி வந்துகொண்டிருந்தான்.

அடுத்த சில நாட்களில் ஓர் இரவு, ஊரிலிருந்த வெள்ளைக்காரர்கள் ஓசையில்லாமல் கப்பலேறிப் போய்விட்டார்கள். சீனர், மலாய்க்காரர், தமிழர் யாருக்கும் அந்தக் கப்பலில் இடமில்லை. பல காலம் அவர்கள் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள் காலையில் எழுந்தபோது ஊரில் அரசாங்கமே இல்லை. போனவர்கள் வானொலி நிலையத்தைச் சேதமில்லாமல் விட்டுப் போனார்கள். துறைமுகத்துப் படகுகளையும்தான். இரண்டும் பிறகு ஜப்பானியருக்கு நன்றாகப் பயன்பட்டன.

அப்போது முன்வந்தவர் ஒரு தமிழர், மாணிக்கசோதி சரவணமுத்து. இலங்கையிலிருந்து வந்து 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' என்ற ஆங்கில நாளிதழின் ஆசிரியராக இருந்தவர். கோட்டையில் பறந்த யூனியன் ஜாக் கொடியை இறக்கி வெள்ளைக்கொடியை ஏற்றினார். வானொலி நிலையத்துக்குப் போனார். பினாங்கில் இப்போது பிரிட்டிஷ் படை எதுவும் இல்லை, இனிக் குண்டு போட அவசியமில்லை என்று ஜப்பானியருக்கு அறிவித்தார்.

கோட்டையின் கொடிமரத்தடியில் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பதினோரு வருடமாக மைக் முன்னால் உட்காருகிறவள். காலை நிகழ்ச்சி, டிராஃபிக், பிறந்தநாள் வாழ்த்து. வாயைத் திறந்தால் நிற்காது என்று வீட்டில் பெயர். அந்த மைக் முன்னால் என்னை உட்கார வைத்திருந்தால் குரல் வந்திருக்குமா? கொடியை இறக்கியவனைத் துரோகி என்று பிரிட்டிஷார் சொல்லலாம். குண்டு நிற்காவிட்டால் முட்டாள் என்று ஊரே சொல்லும்.

இன்னொரு வானொலிப் பேச்சும் உண்டு. சிங்கப்பூரில் இருந்த பிரிட்டிஷ் அமைச்சர் டஃப் கூப்பர், பினாங்கு மக்கள் பலரைப் பத்திரமாக வெளியேற்றிவிட்டதாக வானொலியில் பேசினார். 'மக்கள்' என்று அவர் யாரைச் சொல்கிறார் என்பது கேட்டவர்களுக்கு உடனே புரிந்துவிட்டது. பிரிட்டிஷ் ஆட்சியின் மரியாதை மலாயாவில் விழுந்தது போர்க்களத்தில் மட்டுமல்ல, அந்த ஒரு சொல்லிலும்தான் என்பது என் எண்ணம்.

டிசம்பர் 19இல் ஜப்பானியர் பினாங்கை எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு இங்கிருந்த இளைஞர்கள் போன வழிகளைப் பாருங்கள். சீனர்களை ஜப்பானியர் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். தப்பியவர்களில் பலர் காட்டுக்குள் போய்க் கம்யூனிஸ்டுகளின் கெரில்லாப் படையில் சேர்ந்தார்கள். அந்தப் படைக்கு ஆயுதமும் பயிற்சியும் தந்தது பிரிட்டன். போர் முடிந்ததும் அதன் தலைவர்களில் ஒருவரான சின் பெங்குக்கு விருதுகூடக் கொடுத்தது. 1948இல் அதே சின் பெங் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துக் காட்டுக்குள் போனார், ஒளித்துவைத்த அதே துப்பாக்கிகளோடு. 'அவசரநிலை' என்று பெயர் வைக்கப்பட்ட அந்தப் போர் 1960 வரை நடந்தது.

தமிழர்கள் வேறு வழியில் போனார்கள். பினாங்கில் வழக்கறிஞராக இருந்த என். ராகவன் போன்றவர்கள் இந்திய சுதந்திரக் கழகத்தை நடத்தினார்கள். 'சுயராஜ்ய நிலையம்' என்ற பெயரில் இங்கே ஒரு ரகசியப் பயிற்சிப் பள்ளி இயங்கியது. அதில் பயிற்சி பெற்ற சிலரை 1942இல் நீர்மூழ்கிக் கப்பலில் கொண்டுபோய் இந்தியக் கரையில் இறக்கினார்கள். பிடிபட்டார்கள். கேரளத்து வக்கம் அப்துல் காதர் உட்பட நால்வரை 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிட்டார்கள். சென்ட்ரல் ரயில் நிலையத்தருகே இருந்த அந்தப் பழைய மத்திய சிறை இப்போது இல்லை. அந்த இடத்தை ஆயிரம் முறை கடந்திருக்கிறேன். அந்த நால்வரின் பாதை பினாங்கில் தொடங்கியது என்று ஒரு நாளும் எனக்குத் தெரியாது.

1943இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தபிறகு தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். தேசப்பற்றால் என்று நம் பாடப்புத்தகம் சொல்கிறது. பொய்யில்லை. ஆனால் அப்போது ஜப்பானியர் சயாம்–பர்மா ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காட்டில் காலராவிலும் பட்டினியிலும் தமிழர்கள் பல்லாயிரம் பேர் செத்தார்கள். ரயில் பாதையா, படையா என்ற கேள்வி வந்தால் யார்தான் படை என்று சொல்லமாட்டார்கள்? படையில் சீருடை உண்டு, பெயருக்கு முன்னால் பதவி உண்டு, கங்காணியின் முன் குனிந்தவன் நிமிர்ந்து நிற்கலாம். அப்படி ஒருமுறை நிமிர்ந்தவர்கள் போர் முடிந்ததும் பழையபடி குனியவில்லை. பினாங்குக்கு எதிர்க்கரையில் இருக்கும் கெடாவில் 1946, 47இல் தோட்டத் தமிழர்கள் 'தொண்டர் படை' என்று திரண்டார்கள். கள்ளுக்கடையை எதிர்த்தார்கள், கூலிக்குப் போராடினார்கள், போலீஸ் துப்பாக்கியைச் சந்தித்தார்கள். தஞ்சைச் சீமையில் பிறந்து, இந்திய தேசிய ராணுவத்தில் இருந்து, பிறகு மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவரான எஸ்.ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்தியா கேட்டுக்கொண்டும் நிறுத்தவில்லை.

இதையெல்லாம் படிக்கும்போது சரவணமுத்துவின் சொந்த நாடு நினைவுக்கு வராமல் இருக்காது. 1987 ஜூலையில் அமைதி காக்க என்று இலங்கைக்குப் போன இந்தியப் படை, மூன்றே மாதத்தில் புலிகளோடு போரில் இறங்கியது. தெற்கே, அந்நியப் படை வந்துவிட்டது என்பதையே முழக்கமாக்கி ஜே.வி.பி.யின் ஆயுதக் கிளர்ச்சி சூடேறியது. 1990 மார்ச்சில் கடைசி இந்திய வீரர் கப்பலேறியபோது வடக்கில் புலிகள் முன்னைவிட வலுவாக இருந்தார்கள், தெற்கில் இளைஞர்களின் பிணங்கள் ஆற்றில் மிதந்திருந்தன. அந்தப் படையை வழியனுப்பிய ஊர்களில் ஒன்று என் ஊர் சென்னை.

பினாங்குத் தாத்தா விஷயத்துக்கு வருகிறேன். 1946இல் மலாயாவிலிருந்து திரும்பிய ஒருவர் அவரைப் படைச் சீருடையில் பார்த்ததாகச் சொன்னாராம். அடுத்த வருடம் வந்த இன்னொருவர், ரயில் ரோடு போடக் கூட்டிக்கொண்டு போனார்கள், அத்தோடு சரி என்றார். வீட்டில் முதல் ஆள் சொன்னதையே வைத்துக்கொண்டார்கள். கூடத்தில் நேதாஜி படம் மாட்டியது அதற்குப் பிறகுதான். குண்டு விழுந்த அன்றே விமானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு தெருவில் நின்றவர்களில் அவரும் ஒருவராக இருந்திருக்கலாம் என்று எங்கள் வீட்டில் இதுவரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர் மனைவி, எங்கள் பெரிய அப்பாயி, 1984இல் சாகும்வரை பொட்டும் பூவுமாகத்தான் இருந்தார். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. எந்தச் சேதியை நம்பி எடுக்கச் சொல்வது?

சாயங்காலம் துறைமுகப் பக்கம் போனேன். ஒரு சொகுசுக் கப்பல் கிளம்பத் தயாராக நின்றது. கைப்பேசியில் அலைச் சத்தத்தைக் கொஞ்சம் பதிவு செய்துகொண்டேன், நிகழ்ச்சிக்கு ஆகும் என்று. அப்பாவிடமிருந்து அழைப்பு வந்தது.

"பேரு எங்கயாச்சும் எழுதியிருந்துச்சாம்மா?"

"இல்லப்பா. தேடினேன், எங்கயும் இல்ல."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அந்தப் பக்கம் தொலைக்காட்சியில் செய்தி ஓடுவது கேட்டது. எந்த நாட்டிலோ குண்டு விழுந்திருந்தது.

"சரி விடு. ஜாதிக்காய் தைலம் வாங்கிட்டியா? உங்கம்மாவுக்கு முழங்கால் வலி."