ஆபீஸ் ரூம் சர்வர்ல ஒரு டிஸ்க் போனப்போ

நீங்க கொடுத்த பழைய படமெல்லாம் எங்கே இருக்குன்னு சிலர் கேட்டீங்க. ஆயர் குரோவில் நம்ம கோயில் ஆபீஸ் ரூமில், பீரோ பக்கத்துல இருக்கிற சின்ன சர்வர்லதான். தோட்டக் கோயில் காலத்து தீமிதி, உபயக்காரர் கணக்குப் புத்தகம் எல்லாம் ஸ்கேன் பண்ணி அதில் இருக்கு. உள்ளே 4 டெராபைட் டிஸ்க் இரண்டு. ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே பதிவாகும். இசட்எஃப்எஸ் என்ற முறை.

மாசி மகத்துக்கு முந்தின வாரம் 'டிகிரேடட்' என்று மெயில் வந்தது. ஒரு டிஸ்க் போச்சு. இன்னொன்னு இருக்கேன்னு விட்டுட்டு, எல்லாரோடயும் செங் சன்னாசிமலைக்குப் போயிட்டேன். அப்படியே மூணு வாரம். என் தப்புதான். இரண்டும் ஒரே நாள்ல வாங்கினது, ஒன்னு போனா மற்றதுக்கும் வயசாச்சுன்னு தெரிஞ்சிருக்கணும்.

புது டிஸ்க் பழையதைவிட அளவில் குறையக் கூடாது. எஸ்எம்ஆர் வகையும் வேண்டாம், அதில் தடங்கள் கூரை ஓடு மாதிரி ஒன்றின்மேல் ஒன்று படிஞ்சிருக்கும், தொடர்ந்து எழுதினா திணறும். சிஎம்ஆர் வகையாப் பார்த்து வாங்கினேன்.

சர்வரை நிறுத்திக் கழற்றும்போதுதான் கை நடுங்கிச்சு. நல்ல டிஸ்கைப் பிடுங்கிட்டா எல்லாம் போச்சே! கெட்டதோட சீரியல் நம்பரை முன்னாடியே எழுதி வச்சிருந்தேன். ஒட்டுத்தாளோடு ஒப்பிட்டு, கூட இருந்த தம்பியையும் ஒருமுறை வாசிக்கச் சொன்னேன்.

புதுசை மாட்டி, மாற்றுக் கட்டளை கொடுத்ததும் காப்பி ஆரம்பிச்சது. காலி இடத்தைத் தொடாது, இருக்கிற தரவை மட்டும்தான் எடுக்கும். அப்படியும் ஆறு மணி நேரம். நடை சாத்தியாச்சு. குருக்கள் ஐயா சுண்டல் கொடுத்து, "இன்னும் முடியலையாப்பா?"ன்னு கேட்டுட்டுப் போனார்.

முடிஞ்சது. ஆனா ஒரே ஒரு ஃபைல் பழுதுன்னு காட்டிச்சு. ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்பு எண் இருப்பதால், எது கெட்டதுன்னு பேரோட சொல்லிடும். மிச்சமிருந்த டிஸ்கிலும் அந்த இடம் கெட்டிருந்தது, சரிசெய்ய வேற பிரதி இல்லை. திறந்து பார்க்க முடியல, பேரைப் பார்த்ததும் தெரிஞ்சிடுச்சு: லயத்துக்கு முன்னாடி கரகம் எடுத்து நிற்கிற படம்.

மறுநாள் படம் கொடுத்த பாட்டி வீட்டுக்குப் போனேன். "போன வருஷந்தானே கொண்டு போன?"ன்னு கேட்டாங்க. விஷயத்தைச் சொன்னேன். ஒன்னும் பேசாம பிஸ்கட் டின்னைத் திறந்து எடுத்துக் கொடுத்தாங்க. ஓரம் மடங்கிப் போயிருந்தது, முகமெல்லாம் தெளிவா இருக்கு.

இப்போ எல்லாத்துக்கும் தனியா இன்னொரு காப்பி பொருளாளர் வீட்டில் இருக்கு. கொடுத்தவங்க மூலப் படத்தைத் தூக்கிப் போட்டுடாதீங்க. இன்னும் ஸ்கேன் பண்ணாத படம் இருந்தா வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும்போது எடுத்துட்டு வாங்க, கையோட திருப்பிக் கொடுத்திடுறேன்.