யந்திரத்தின் வாத்தியாரம்மா

உங்கள் வீட்டுக் கொடியில் இந்த நேரத்தில் ஒரு பனியனாவது காய்ந்துகொண்டிருக்கும். அடுப்பில் பால் இருந்தால் இறக்கி வைத்துவிட்டு, அதைக் கொஞ்சம் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். மேலிருந்து கீழாக நெருக்கமாக வரிகள் ஓடுகின்றன அல்லவா? ஒவ்வொரு வரியும் ஒரு தனி ஊசியின் வேலை. 30 அங்குல விட்டமுள்ள பின்னல் யந்திரத்தில் அங்குலத்துக்கு 24 ஊசி வீதம் வட்டமாக நிறுத்தினால், சுமார் 2,260 ஊசிகள் ஆகின்றன. இத்தனை ஊசிகளும் நூலைக் கொக்கியால் இழுத்து இழுத்துக் கண்ணி போடுகின்றன. யந்திரமோ நிமிஷத்துக்கு இருபது, இருபத்தைந்து தடவை சுற்றுகிறது.

அதில் ஒரே ஓர் ஊசியின் முனை உடைந்தால் என்ன ஆகும்? யந்திரத்துக்கு அதைப்பற்றிக் கவலையே இல்லை. அது பாட்டுக்குச் சுற்றும். உடைந்த இடத்தில் மட்டும் கண்ணி விழாமல், ஏணி சாய்த்தாற்போல் ஒரு கோடு துணி நெடுகிலும் இறங்கும். நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் துணி வந்துகொண்டிருக்கிறது. ராத்திரி ஷிப்டில் ஒரே ஆள் ஏழெட்டு யந்திரங்களைக் கவனிக்கிறான். அவன் ஒரு வாய் டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் பத்து மீட்டர் வீண்!

இந்த ஊசிக் கதையை எதற்குச் சொல்கிறேன் என்றால், இப்போதெல்லாம் எதைத் தொட்டாலும் 'செயற்கை நுண்ணறிவு' என்கிறார்கள். அது கடிதம் எழுதுகிறதாம், பாட்டுக் கட்டுகிறதாம், பையன்களுக்கு வீட்டுக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறதாம். பாட்டுக் கட்டுவது இருக்கட்டும். நமக்கு உடுத்தத் துணி கொடுக்கிற தொழிற்சாலைக்குள் அது என்ன செய்கிறது என்பதை மட்டும் யாரும் நம் காதில் விழும்படி சொல்வதில்லை. எனக்கு அதைச் சொன்னவர் விஞ்ஞானி அல்ல. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகச் செக்கிங் வேலை பார்க்கும் ஓர் அம்மாள்.

சென்ற வருஷம் என் நாத்தனார் பெண்ணின் கல்யாணத்துக்காகத் திருப்பூர் போய்ப் பத்து நாள் தங்கியிருந்தேன். இந்த அம்மாளுக்கு அடுத்த வீடு. தேங்காய் துருவ வந்த இடத்தில் பேச்சு வளர்ந்து, ஒரு நாள் என்னையும் கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

செக்கிங் என்றால் இதுதான்: சாய்வான கண்ணாடி மேஜை, அதற்கு அடியில் டியூப் லைட். மேஜையின் மேல் துணி ஓடும். ஓட்டை, எண்ணெய்க்கறை, ஊசிக்கோடு ஏதாவது கண்ணில் பட்டால் காலால் கட்டையை அமுக்கி நிறுத்தி, அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். இதற்கு உலகில் பரவலாக வழங்குகிற ஒரு கணக்கு உண்டு. மூன்று அங்குலம் வரை நீளமான குறைக்கு ஒரு புள்ளி, ஆறு வரை இரண்டு, ஒன்பது வரை மூன்று, அதற்கு மேல் எவ்வளவு நீளமானாலும் நான்கு. 100 சதுர கஜத்துக்கு 40 புள்ளியைத் தாண்டினால் துணி வேண்டாம் என்பது பெரும்பாலான வியாபாரிகளின் வழக்கம்.

“எட்டு மணி நேரம் துணியையே உற்றுப் பார்த்தால் கண் என்ன ஆவது?” என்று கேட்டேன்.

“உத்துப் பாத்தாத்தானுங்க்கா கண்ணு வலிக்கும்! நான் சும்மா பாத்துட்டு இருப்பனுங்க. தப்பு வந்தா அதுவே கண்ணுல வந்து இடிக்கும்” என்றார்.

இந்த இடிக்கிற வித்தையைத்தான் யந்திரத்துக்குச் சொல்லிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

பின்னல் யந்திரத்தின் உள்ளே, துணி இறங்கும் இடத்தில், காமிராக்களைப் பொருத்தியிருந்தார்கள். அவை ஓயாமல் படம் எடுக்கின்றன. கம்ப்யூட்டர் அந்தப் படங்களைப் பார்த்து, குறை தென்பட்டால் யந்திரத்தை அங்கேயே நிறுத்துகிறது. ஆனால் குறை என்றால் என்ன என்று அதற்கு எப்படித் தெரியும்? பிறக்கும்போதே தெரியாது. குழந்தைக்கு ‘இது காக்கா, இது குருவி’ என்று ஆயிரம் தடவை காட்டுகிறோமே, அதே மாதிரி ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டி ‘இது ஓட்டை, இது கறை, இது சரி’ என்று யாராவது சொல்ல வேண்டும். சொல்லச் சொல்ல, அது தனக்குள் ஒரு கணக்கைத் திருத்தித் திருத்திக் கொண்டுவந்து, ஒரு நாள் புதுப் படத்தைப் பார்த்துத் தானே சொல்ல ஆரம்பிக்கிறது. ‘டேட்டா’, ‘டேட்டா’ என்று பெரிய மனிதர்கள் மேடையில் பேசுகிறார்களே, அந்த டேட்டா வானத்திலிருந்து விழுவதில்லை. இங்கே அது இந்த அம்மாளின் கண்.

மூன்று மாதம் அவரை ஒரு திரையின் முன் உட்கார வைத்தார்கள். சரி என்றால் ஒரு பொத்தான், தப்பு என்றால் ஒரு பொத்தான். முதல் வாரத்திலேயே சண்டை வந்துவிட்டதாம். பெங்களூரிலிருந்து வந்த இளைஞர் இரண்டு பொத்தான் போதும் என்கிறார். அம்மாள் மூன்றாவது ஒன்று வேண்டும் என்கிறார்.

“தப்புதானுங்க, ஆனா தப்பில்லைன்னு ஒண்ணு இருக்குது. பருத்திக் கொட்டைத் துணுக்கு கருப்புப் புள்ளியாத் தெரியும். சலவையில போயிரும். அதுக்குப் போயி யந்திரத்தை நிறுத்துனா நாள் முச்சூடும் நிறுத்திட்டேதான் இருக்கோணும். எண்ணெய்க் கோடு அப்படி இல்லைங்க. சிலது போகும், சிலது சாயம் போட்டப்புறம்தான் பல்லைக் காட்டும்.”

கடைசியில் மூன்றாவது பொத்தான் வைத்தார்கள். அதை வைத்த பிறகுதான் யந்திரத்துக்குப் புத்தி வந்தது என்று அந்த அம்மாள் சொன்னபோது, எந்தக் குருவுக்கும் உள்ள கர்வம் அவர் முகத்தில் தெரிந்தது.

யந்திரத்தைத் தானே நிற்க வைக்கிற யோசனை இன்று நேற்று வந்ததல்ல. ஜப்பானில் ஸகிச்சி டொயோடா என்று ஒருவர், தச்சருடைய பிள்ளை. அம்மா தறியில் படுகிற பாட்டைப் பார்த்துத்தான் அவர் தறியைச் சீர்திருத்தக் கிளம்பினார் என்று சொல்வார்கள். 1924-ல் அவர் வெளியிட்ட தறியில், ஓர் இழை அறுந்தால் தறி தானே நின்றுவிடும். ஒவ்வொரு தறிக்கும் ஓர் ஆள் காவல் நிற்க வேண்டிய அவசியம் போய், ஒரே பெண் முப்பது தறிகளைக் கவனிக்க முடிந்தது. 1929-ல் இங்கிலாந்தின் பிளாட் கம்பெனி அந்த உரிமையை ஒரு லக்ஷம் பவுனுக்கு வாங்க ஒப்பந்தம் செய்துகொண்டது. அவர் மகன் ஆரம்பித்ததுதான் இன்றைய டொயோட்டா கார் கம்பெனி.

அந்தத் தத்துவத்துக்கு ஜப்பானியர் 'ஜிடோகா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தானாக இயங்குவது என்று அர்த்தம். ஆனால் எழுதும்போது ஒரு வேடிக்கை செய்தார்கள். 'இயங்குதல்' என்ற எழுத்தின் பக்கத்தில் மனிதனைக் குறிக்கும் கோட்டைச் சேர்த்துவிட்டார்கள். உச்சரிப்பு அதேதான்; எழுத்துக்குள் மட்டும் ஓர் ஆள் வந்து நிற்கிறார். எனக்கு இது வெகுவாகப் பிடித்திருக்கிறது.

காமிரா வந்ததால் என்ன லாபம்? கணக்குப் பிள்ளை பணத்தைச் சொல்வார். நான் தண்ணீரைச் சொல்கிறேன். ஊசிக்கோடு விழுந்த துணி முன்பெல்லாம் பல சமயம் சாயம் ஏறிய பிறகே அகப்படும். அதற்குள் அந்தத் துணிக்காக வெளுத்த தண்ணீர், கொதித்த தண்ணீர், அலசின தண்ணீர் எல்லாம் போயே போயிற்று. நொய்யல் ஆறு சாயத்தால் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். 2011-ம் வருஷம் ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு போட்டதும், கழிவுநீரை ஒரு சொட்டுக்கூட வெளியே விடக் கூடாது என்றானதும் பழைய செய்தி. அன்று முதல் அங்கே ஒவ்வொரு குடம் சாயத் தண்ணீரையும் சுத்தம் செய்ய விறகும் மின்சாரமும் பணமும் செலவாகின்றன. கோணல் துணியைச் சாயத்துக்கு அனுப்பாமலே பிடித்துவிட்டால் அத்தனையும் மிச்சம். இந்த ஒன்றுக்காகவே காமிராவுக்கு நான் ஒரு கும்பிடு போடத் தயார்.

ஆனால் காமிராவுக்குக் கழுத்து உண்டு, திருப்பினால் திரும்பும். துணியைப் பார்க்கிற காமிரா, தைக்கிற பெண்ணைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அமெரிக்காவில் டெய்லர் என்ற மனிதர் கையில் ஸ்டாப்-வாச்சை வைத்துக்கொண்டு, தொழிலாளி மண்வெட்டியை எடுக்க எத்தனை வினாடி, வீச எத்தனை வினாடி என்று குறித்தார். 1911-ல் அதை ஒரு புஸ்தகமாகவே போட்டார். அவரிடம் இருந்ததோ ஒரு கடிகாரம். சாப்பாட்டு நேரத்தில் அவரும் சாப்பிடப் போயிருப்பார். இந்தக் காமிராவுக்குப் பசியும் இல்லை, தூக்கமும் இல்லை. கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வந்த பெண் ஒரு நிமிஷம் ஊசியை நிறுத்திப் பெருமூச்சு விட்டால், அதுவும் ஒரு 'டேட்டா' ஆகிவிடும். குறை துணியில் இருக்கட்டும், தேடுங்கள். பெருமூச்சைத் தேடாதீர்கள் என்று சட்டம் போட வேண்டாமா?

“அப்படியானால் தையல்காரப் பெண்களுக்கெல்லாம் வேலை போய்விடுமா?” என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. இரும்புத் தகட்டை எடுத்து வைக்கிற யந்திரக் கைக்குத் துணியை எடுப்பது மகா கஷ்டம். தகடு விறைத்து நிற்கும். துணி துவளும், சுருளும், ஒன்றோடொன்று ஒட்டும். அடிடாஸ் கம்பெனியார் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் யந்திரக் கைகளைக் கொண்டு ஜோடு செய்யும் தொழிற்சாலைகளைத் திறந்தார்கள். ஆசியாவுக்கு இனி வேலையில்லை என்று பத்திரிகைகள் ஒப்பாரி வைத்தன. 2019-ம் வருஷக் கடைசியில் அந்த இரண்டையும் மூடப்போவதாக அவர்களே அறிவித்து, அங்கே கற்ற வித்தையை வியட்நாமிலும் சீனாவிலும் உள்ள தொழிற்சாலைகளுக்கு மாற்றினார்கள். ஆகவே நாளைக்கே எல்லாம் முடிந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை.

முதலில் ஆட்டம் காண்பது செக்கிங் மேஜைதான். அந்தக் கம்பெனியில் பத்து மேஜைகள் இருந்த இடத்தில் இப்போது ஆறு. நாலு பெண்களை மடித்து அடுக்குகிற பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கே கூலி குறைவு. வாத்தியாரம்மாவுக்கோ மூன்று மாதம் பாடம் சொன்னதற்கு வழக்கமான செக்கிங் கூலிக்கு மேல் ஒரு பைசாவும் இல்லை. காமிரா விற்ற கம்பெனிக்குப் பணம், அதை வாங்கிய முதலாளிக்கு மிச்சம். நமது புராணத்தில் குரு சிஷ்யனிடம் கட்டைவிரலைக் கேட்டார். இங்கே சிஷ்யன் குருவின் விரலையே கேட்கிறான்!

பாட்டு எழுதினவருக்குப் பாட்டு ஒலிக்கும்போதெல்லாம் பங்கு கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கண்ணைக் கொடுத்தவருக்கு ஏன் கூடாது? இப்படி நான் கேட்டால் மானேஜர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். அவர் வீட்டு அம்மாளும் இதைப் படிப்பார்.

போன வாரம் டெலிபோனில் அந்த அம்மாள் பேசினார். புதிதாக இரண்டு நிற நூல் கலந்த ரகம் வந்திருக்கிறதாம். அந்தத் துணியின் இயற்கையான திட்டுத் திட்டான நிறத்தைப் பார்த்துவிட்டு யந்திரம் எல்லாவற்றையும் கறை, கறை என்று சொல்லி, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் நின்று போகிறதாம். மறுபடியும் பாடம் சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

“போனீர்களா?” என்றேன்.

“இன்னும் இல்லீங்க்கா. மேஜை இழந்த நாலு பேத்தையும் கூட்டீட்டு, திங்கக்கிழமை ஆபீசுல போயி, இந்த வாட்டி பாடம் சொல்லக் கூலி எவ்வளவுன்னு கேட்டுப்போட்டுத்தான் உக்காரப் போறோமுங்க” என்றார்.