ஏரவாடாவின் துணி வீடு

ஸ்டாக்ஹோம்



கோடை விடுமுறை நெருங்கினால் இங்குள்ள பல்கலைக்கழகப் பிள்ளைகள் சிலர் என்னைத் தேடி வருவார்கள். "இந்தியாவுக்குப் போகிறோம், குடிசைப் பகுதிகளைப் பார்க்கணும், அங்கே யாரையாவது தெரியுமா?" என்று கேட்பார்கள். ஏழைகளின் வாழ்க்கையை ஒருமுறை பார்த்துவிட்டால் மனசு பக்குவப்பட்டுவிடும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. அவர்களுக்கு நான் புனே நகரின் ஏரவாடாவைப் பற்றித்தான் சொல்வது வழக்கம்.

ஏரவாடா என்றதும் நமக்குச் சிறைதான் நினைவுக்கு வரும். 1932 செப்டம்பரில் காந்தி அங்கே உண்ணாவிரதம் இருந்தார். அதை முடித்துவைத்த புனா ஒப்பந்தத்தில் நம் எம்.சி.ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் கையெழுத்திட்டார்கள். அதே ஏரவாடாவில் நேதாஜி நகர், ஷீலா சால்வே நகர் என்று நெருக்கமான குடிசைப் பகுதிகளும் உண்டு.

2000-களின் இறுதியில் இரண்டு இளம் கட்டடக் கலைஞர்கள், குடிசைகளின் இடத்தில் வீடு கட்டும் வேலைக்காக அங்கே போய்ச் சேர்ந்தார்கள். ஒருவர் இந்தச் சுவீடன் நாட்டுப் பெண், சாரா யோரான்சன். இன்னொருவர் ஃபிலிப் பலேஸ்ட்ரா. பிரேசிலின் ரோசின்யா குடிசைப் பகுதியில் பள்ளிக்கூடம் கட்டிய அனுபவம் உள்ளவர். புனேயின் கட்டடக் கலைஞர் பிரசன்னா தேசாய் அவர்களோடு சேர்ந்துகொண்டார். மத்திய அரசின் நகர்ப்புற ஏழைகளுக்கான திட்டத்தில் அப்போது ஒரு வீட்டுக்குச் சுமார் மூன்று லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது, பரப்பு 270 சதுர அடி. அந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கைக் குடும்பம் போட வேண்டியிருந்தது. நல்ல கட்டு வீடுகளைத் தொடாமல் குடிசைகளை மட்டும் பிரித்து, அதே இடத்தில், அதே அண்டை வீட்டாரோடு மறுபடி கட்டுவது என்று முடிவானது. பிறகு குடும்பம் பெருகினால் அறை போடவோ, கடை வைக்கவோ ஒரு தளத்தைத் திறந்தபடி விடும் வடிவமும் அதில் இருந்தது.

இதில் எனக்குப் பிடித்த பகுதி துணி வீடு. அங்குள்ள 'மகிளா மிலன்' சேமிப்புக் குழுப் பெண்களிடம் பழைய வழக்கம் ஒன்று உண்டு: கழிகளை நட்டு, சுற்றிலும் துணி கட்டி, முழு அளவில் வீட்டை எழுப்பிவிடுவார்கள். காகிதத்தில் 270 சதுர அடி வெறும் எண். துணி வீட்டுக்குள் போய் நின்றால் கேள்விகள் தானாக வரும். தண்ணீர் டிரம்மை எங்கே வைப்பது? கட்டில் போட்டால் கதவு திறக்குமா? மாமியாரால் இந்த ஏணிப்படியில் ஏற முடியுமா? இதற்கெல்லாம் பதில் சொல்லத் தெரியாத பட்டதாரி பென்சிலை எடுத்து மறுபடி வரைய வேண்டியதுதான். பக்குவம் வருவது அந்த இடத்தில்தான் என்பேன்.

இந்த வழக்கத்துக்குப் பின்னால் நம்மவர் ஒருவர் இருந்தார். ஜோக்கின் அற்புதம், கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். 1960-களில் பதின்வயதுப் பையனாகப் பம்பாய்க்குப் போய்த் தச்சு வேலை பார்த்தார். மான்கூர்டு ஜனதா காலனியில் தெருவிலேயே படுத்துறங்கினார். குப்பை அள்ள நகராட்சி வரவில்லை என்றதும், குழந்தைகளைச் சேர்த்து ஆளுக்கொரு குப்பைப் பொட்டலத்தோடு நகராட்சி அலுவலக வாசலில் கொண்டுபோய்க் கொட்ட வைத்தார். நெருக்கடி நிலையின்போது, 1976-இல், அந்தக் காலனியையே இடித்து மக்களைச் சீத்தா கேம்ப்புக்குத் துரத்தினார்கள். அதற்குள் அவர் குடிசைவாசிகளுக்குத் தேசிய அளவில் ஒரு சம்மேளனத்தைத் தொடங்கியிருந்தார். ஷீலா பட்டேலின் 'ஸ்பார்க்' அமைப்பும் மகிளா மிலனும் 1980-களில் அதோடு கைகோத்தன. 2000-இல் ஜோக்கினுக்கு மகசேசே விருது கிடைத்தது. 2018-இல் காலமானார்.

ஜோக்கின் பிழைக்கப் போனவர். சாராவும் ஃபிலிப்பும் அழைப்பின்பேரில் போனவர்கள். அவருக்குத் திரும்பிப் போக வேறு வீடு இல்லை, இவர்களுக்கு இருந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆனாலும் இரு தரப்பும் வேலையோடு அந்த மக்களிடம் நின்றார்கள். வேலை என்று வந்துவிட்டால் தவறைச் சுட்டிக்காட்டும் உரிமை எதிரில் இருப்பவருக்கும் வந்துவிடுகிறது. வேடிக்கை பார்க்கப் போகிறவனிடம் யாரும் அப்படித் தவறு சொல்வதில்லை. தேநீர் கொடுத்து, சிரித்து, வழியனுப்பிவிடுவார்கள்.

நம்மூரிலும் இப்போது கல்லூரிப் பிள்ளைகளைச் 'சமூக அனுபவம்' என்று பேருந்தில் ஏற்றி அனுப்புகிறார்கள். அவர்களுக்கும் நான் சொல்வது ஒன்றுதான். போகுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்: அங்கே எனக்கு என்ன வேலை? அதைப் பார்த்து "இது சரியில்லை, மாற்று" என்று சொல்ல அந்த மக்களுக்கு இடம் இருக்கிறதா? இல்லையென்றால் அந்தப் பயணச் செலவை அவர்களின் சேமிப்புக் குழுவுக்கே அனுப்பிவிடலாம்.

அன்புடன்,
உங்கள் கடல் கடந்த நண்பன்