கோப்பைக்காக ஆடுதல்

2021 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 5 ஆம் நாள், திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிறு. அன்று இலண்டன் மாநகரின் வெம்பிளி அரங்கில் ஆங்கில நாட்டு மகளிர் கால்பந்துக் கோப்பையின் இறுதியாட்டம் நிகழ்ந்தது. செல்ஸி மகளிர் மூன்று கோல் அடித்து வென்றனர். எதிர்த்து நின்ற அர்ஸனல் மகளிர் ஒன்றும் பெற்றிலர். முந்திய பருவத்திற்குரிய அவ்வாட்டம் பெருந்தொற்றின் காரணமாகத் தள்ளிப்போய் அந்நாளை எய்திற்று. அந்நாளோ ஒரு நூற்றாண்டு நிறைந்த நாள். சரியாக நூறாண்டுகட்கு முன், 1921 டிசம்பர் 5 இல், அந்நாட்டுக் கால்பந்துச் சங்கத்தார் தம்மைச் சார்ந்த கழகங்கள் தங்கள் மைதானங்களைப் பெண்களின் ஆட்டத்திற்குக் கொடுத்தலாகாது என்று தீர்மானம் செய்தனர்.

அத்தீர்மானத்தின் வரலாறு அறியத்தக்கது. முதல் உலகப் போரின்போது ஆடவர் களம் புகுந்தமையால், பிரெஸ்டன் நகரிலிருந்த டிக் கெர் தொழிற்சாலையில் பெண்கள் வெடிமருந்துப் பொருள்கள் செய்யும் வேலையில் அமர்ந்தனர். உணவு வேளைகளில் பந்துதைத்துப் பழகிய அவர்கள், 1917 ஆம் ஆண்டு கிறிஸ்து பிறந்த திருநாளன்று அந்நகரின் டீப்டேல் மைதானத்தில் வேறொரு தொழிற்சாலைப் பெண்களோடு ஆடினர். பதினாயிரம் பேர் வந்து கண்டனர். திரண்ட பணம் போரிற் புண்பட்ட வீரர்க்குரிய மருத்துவமனைக்குச் சென்றது. மூன்றாண்டு கழித்து, 1920 டிசம்பர் 26 இல், லிவர்ப்பூல் நகரத்துக் குடிசன் பார்க் மைதானத்தில் அவ்வணியார் செயின்ட் ஹெலன்ஸ் மாதரை எதிர்த்தபோது 53,000 பேர் உள்ளே இருந்தனர். இடமின்றித் திரும்பினோர் பல்லாயிரவர். அன்றும் மூவாயிரம் பவுனுக்கு மேல் தருமத்திற்குச் சேர்ந்தது. ஓராண்டு செல்லுமுன் தடை வந்தது.

தடை விதித்தோர் கூறிய காரணங்கள் இரண்டு. கால்பந்தாட்டம் பெண்களுக்கு ஏற்றதன்று என்பது ஒன்று. ஆட்டத்தில் திரண்ட பணத்தில் மிகுதியான பங்கு செலவுக்குப் போய்த் தருமத்திற்குச் சென்றது குறைவு என்பது மற்றொன்று. முதற் காரணத்தைப் பலரும் எடுத்துப் பேசி இகழ்ந்துள்ளனர். அதனை இகழ்வது எளிது. என் சிந்தையிற் பன்முறை வந்து தைப்பது இரண்டாவதே. ஆடவர் கழகங்கள் தாம் திரட்டிய பணத்தைத் தம் ஆட்டக்காரர்க்குக் கூலியாகவும் கட்டடமாகவும் ஆக்கிக்கொண்டமையை ஒருவரும் குற்றமாகக் கருதவில்லை. பெண்கள் ஆடுவதற்கு மட்டும் ஒரு புண்ணியம் காரணமாக வேண்டியிருந்தது. அப்புண்ணியம் குறைந்தது என்று சொன்ன அளவில் ஆட்டமே கூடாததாயிற்று.

தருமத்தைப் பழிப்பதாக யாரும் கொள்ளற்க. விதவையின் இரு காசைப் புகழ்ந்த வேதத்தைப் படித்து வளர்ந்தவன் அதனைப் பழிப்பனோ? தருமம் ஒருவர் மகிழ்ந்து கொடுப்பது. ஒரு சாரார் ஓடவும் உதைக்கவும் செலுத்தும் வரியன்று. நம் நாட்டு நூல்களிலும் இதன் சாயல் உண்டோ என்று யான் எண்ணிப் பார்த்ததுண்டு. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையிலே கந்துக வரி என்று ஒரு பகுதி உளது. மகளிர் பந்தடித்து ஆடும் பாட்டு அது. பந்தின் விசையும் வளையல்களின் ஒலியும் அதிற் கேட்கும். எனினும் அங்கும் பந்தடிப்பது பாண்டியனை வாழ்த்துதற் பொருட்டே. இதனை எங்கள் வகுப்பிற் கூறியபோது, இலக்கியத்தைக் கொண்டுபோய் மைதானத்தில் உருட்டுகிறாய் என்று நண்பர் ஒருவர் நகைத்தார். நகைக்கட்டும்.

எங்கள் வீட்டிலும் இப்பொருளுக்கு ஒரு சான்று உண்டு. என் தமக்கையார் பயின்ற பள்ளியில் ஆண்டுக்கு ஒருமுறை, ஏழைப் பிள்ளைகள் நிதிக்காகப் பெண்கள் கால்பந்தாட்டம் ஒன்று நடைபெறும். ஒரு திங்கள் பயிற்சி, அழைப்பிதழ், நுழைவுச் சீட்டு, தலைமை வகிக்க ஒரு பெரியவர். ஆட்டம் முடிந்த மறுநாளே பந்து அலமாரிக்குட் புகுந்து பூட்டப்படும்; அடுத்த ஆண்டு நிதி திரட்டும் காலத்தில் அலமாரி திறக்கும். ஆண் பிள்ளைகளுக்கோ நாள்தோறும் மாலையில் மைதானம் உண்டு. ஒருமுறை தமக்கையார், “வென்றவர்க்குக் கோப்பை ஒன்றும் இல்லையா, ஐயா?” என்று கேட்டார். “நிதி சேர்ந்ததே உங்கள் கோப்பை, அம்மா” என்று விடை வந்தது. விடை கூறியவர் நல்லவர், அன்போடுதான் கூறினார். அதனால் அவ்விடை இன்னும் கசந்தது என்று தமக்கையார் சொல்வார்.

நிற்க. தடைக்குட்பட்ட பெண்கள் அடங்கி அமர்ந்தாரில்லை. பூங்காக்களிலும் பிற வெளிகளிலும் ஆடினர். தாமே ஒரு சங்கம் கண்டு, 1922 இல் ஒரு கோப்பைப் போட்டியும் நடத்தினர்; ஸ்டோக் நகர மாதர் அதனை வென்றனர். மைதானத்தை இழந்தவர் முதலிற் செய்த செயல்களுள் ஒன்று தமக்கென ஒரு கோப்பை வைத்தது என்பதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது. ஆயினும் அச்சங்கம் நிலைக்கவில்லை. டிக் கெர் அணியாரோ பிற்காலத்தில் பிரெஸ்டன் மாதர் என்னும் பெயரோடு 1965 வரை ஆடிவந்தனர்.

தடை ஏறத்தாழ ஐம்பது ஆண்டு நின்றது. 1969 இல் மகளிர் கால்பந்துச் சங்கம் தோன்றிற்று. 1971 மே 9 இல், இலண்டனிலுள்ள கிறிஸ்டல் பாலஸ் அரங்கில், இன்று வழங்கும் கோப்பையின் முதல் இறுதியாட்டம் நிகழ்ந்தது. 71 அணிகள் புகுந்த அப்போட்டியில், சவுத்தாம்ப்டன் மகளிர் ஸ்காத்லாந்திலிருந்து வந்த ஸ்டூவர்ட்டன் திஸில் அணியை நான்குக்கு ஒன்றாக வென்றனர். பேட் டேவிஸ் என்பவர் மூன்று கோல் அடித்தார். அவ்வாட்டத்தில் எந்த மருத்துவமனைக்கும் பணம் திரட்டப்படவில்லை. வெல்லுதல், தோற்றல் என்னும் இரண்டே அங்கு இருந்தன. அதன்பின் இறுதியாட்டம் பல ஊர் மைதானங்களில் அலைந்து, 2015 இல்தான் வெம்பிளியை அடைந்தது.

முதலிற் கூறிய 2021 ஆம் ஆண்டு ஆட்டத்தின் காட்சிப் பதிவை யானும் தமக்கையாரும் ஒரு விடுமுறையிற் சேர்ந்து கண்டோம். மூன்றாம் நிமிடத்திலேயே பிரான் கிர்பி முதற் கோலை அடித்தார். பிற்பாதியில் இரண்டு கோல் அடித்தவர் ஆஸ்திரேலிய நாட்டுச் சாம் கெர். டிக் கெர் என்னும் பழம் பெயரும் இவர் பெயரும் ஒத்திருப்பது தற்செயலே. ஆயினும் நூறாண்டு நிறைந்த நாளில் அப்பெயர் மீண்டும் ஒலித்ததைக் கேட்க இனிதாயிருந்தது. இரண்டாவதாக அவர் அடித்தது, கோல் காப்பவரின் தலைக்குமேல் பந்தை மெல்ல எழுப்பி உள்ளே வீழ்த்திய அடி. வலிமையைக் காட்டவேண்டிய நேரத்தில் மென்மையைக் காட்டிய அந்த அடியை நாங்கள் நான்கு முறை திருப்பிப் பார்த்தோம்.

தமக்கையார் பின்னும் உற்று நோக்கியது வென்றவரையன்று. ஆட்டம் முடிந்தபின் தலை கவிழ்ந்து நின்ற அர்ஸனல் மகளிரை. “எங்கள் ஆட்டத்தில் தோற்றவர்கள் இப்படி நின்றதில்லை, தம்பி. தோற்றாலும் வென்றாலும் ஒரே கைதட்டுத்தான். நாங்களும் சிரித்துக்கொண்டே வீட்டிற்கு வருவோம்” என்றார். சிறிது நேரம் கழித்து, “இப்படி அழுவதற்கு ஒரு தோல்வி எங்களுக்குக் கொடுத்திருக்கலாம்” என்றார். யான் மறுமொழி கூறவில்லை.

அன்று வெம்பிளியில் இருந்தோர் 40,942 பேர். 1920 இல் குடிசன் பார்க்கிற் கூடிய தொகைக்கு அது குறைவு. 2022 இல் 49,094 பேர் வந்தனர், அதுவும் குறைவே. அவ்வாண்டு வென்ற மகளிர் அணிக்குப் பரிசு 25,000 பவுன். ஆடவர் கோப்பையை வென்றோர்க்கு 18 இலட்சம் பவுன். 2023 மே 14 இல் செல்ஸி மகளிர் மான்செஸ்டர் யுனைட்டெட் மகளிரை எதிர்த்தபோதுதான் இக்கோப்பையின் இறுதியாட்டம் அந்தப் பழைய 53,000 ஐக் கடந்தது. கூடியோர் 77,390 பேர். நெடுநேரம் கோல் இன்றி நடந்த அவ்வாட்டத்தின் 68 ஆம் நிமிடத்தில், பெர்னில் ஹார்டர் பக்கத்திலிருந்து அனுப்பிய பந்தைச் சாம் கெர் வலைக்குட் செலுத்தினார். அன்று அடிக்கப்பட்ட கோல் அது ஒன்றே.