சிவப்புச் சைக்கிளின் ஊர்

கார் கொட்டகையின் கதவைத் தூக்கியதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சுவரில் சாய்ந்து நின்றது சிவப்பு, கறுப்பு, மஞ்சள் பூசிய ஒரு பழைய ராலே சைக்கிள். டி.ஐ.-ராலே பந்தய அணியின் நிறங்கள். 1980இல் யோப் ஸூட்டமெல்க் டூர் டி பிரான்ஸை வென்றது அந்த அணிக்காகத்தான். “அணிக்கென்றே கட்டிய வண்டி, ரெனால்ட்ஸ் 531 குழாய்” என்றார் விற்க வந்த பெரியவர். சீட்டுக்குக் கீழே 531 ஸ்டிக்கரும் இருந்தது. விலை 350 பவுண்டு.

நான் அம்பத்தூர்க்காரன். வேலை கிடைத்து இங்கிலாந்தின் நாட்டிங்காம் வந்தபோது ராலே ஆலையைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது இருந்த ட்ரையம்ப் சாலையில் இப்போது பல்கலைக்கழகத்தின் ஜூபிலி வளாகம் இருக்கிறது. சைக்கிள் பாகங்களைப் பூட்டும் வேலை 2002இலேயே நின்றுவிட்டது. ஆனால் ‘டி.ஐ.’ என்ற எழுத்து எனக்கு ஊர் எழுத்து. டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி முருகப்பா குழுமத்தோடு சேர்ந்து 1949இல் அம்பத்தூரில் தொடங்கியதுதான் டி.ஐ. சைக்கிள்ஸ். அப்பாவின் ஹெர்குலிஸ் அங்கே பிறந்தது. 1960இல் அதே டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் குடைக்குள் ராலேயும் வந்தது. குழாய் செய்யும் ரெனால்ட்ஸ் அதற்கு முன்பே அந்தக் குடும்பம். ஆகவே இந்தச் சிவப்பு வண்டி யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாமல் என்னால் திரும்ப முடியவில்லை. நிதானமாகப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பெரியவர் தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

பெயிண்டும் ஸ்டிக்கரும் சாட்சி ஆகாது. 531 ஸ்டிக்கர் இன்றும் புதிதாக அச்சடித்து விற்பனைக்குக் கிடைக்கிறது. ரிம்மில் காந்தத்தை வைத்தேன், ஒட்டியது. குரோம் பூசிய இரும்பு. நல்ல பந்தய வண்டியில் அலுமினிய ரிம் இருக்கும். ஆனால் சக்கரத்தை யாரும் எப்போதும் மாற்றலாம், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. மாற்ற முடியாததைத்தான் பார்க்க வேண்டும். பின் அச்சு உட்காரும் கவ்வையைப் பார்த்தேன். உயர்ந்த சைக்கிள் சட்டங்களில் அது காய்ச்சி அடித்த தடித்த துண்டாக, பெரும்பாலும் கம்பனோலோ என்று பெயர் பொறித்து இருக்கும். இங்கே தகட்டை வெட்டி அழுத்திய மெல்லிய துண்டு.

மீதி சந்தேகத்தைத் தீர்க்க சீட் பில்லரை உருவ வேண்டும். அது அசையவே இல்லை. பழைய சைக்கிளில் இதைவிடப் பெரிய நோய் இல்லை. பில்லர் சட்டத்தோடு துருவேறி ஒட்டிவிட்டால் சீட்டை ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. போல்ட்டைத் தளர்த்தி எண்ணெய் விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் சாயங்காலம் போய், சீட்டை இரு கையாலும் பிடித்து, பல் வலிக்காரனின் பல்லைப் பிடித்தது போல இடமும் வலமுமாகத் திருகினேன். கால் மணி நேரம் கழித்து ஒரு முனகலோடு கிளம்பியது. பழுப்புச் சேறு அப்பியிருந்தது. துணியால் துடைத்தேன். அடியில் பொறித்திருந்த எண் 25.8.

எண்ணைப் பார்த்ததும் நெஞ்சு கனத்தது. பந்தயச் சட்டம், சாதாரணச் சட்டம் இரண்டிலும் சீட் குழாயின் வெளி விட்டம் 28.6 மில்லிமீட்டர்தான். அணி வண்டியின் மெல்லிய 531 குழாய்க்குள் 27.2 பில்லர் போகும். இதில் 25.8 என்றால் குழாயின் சுவர் பக்கத்துக்கு 0.7 மில்லிமீட்டர் கூடுதல் தடிப்பு. வண்டியின் கனம் அங்கேதான் இருக்கிறது.

கவிழ்த்துப் போட்டு, பெடல் அச்சு போகும் குழலின் அடியில் பொறித்த எண்ணைப் படித்தேன். முதல் எழுத்து ‘என்’. நாட்டிங்காம் பேராலை. அணிக்கான வண்டிகள் இல்கெஸ்டன் என்ற சிறு நகரில், ஜெரால்ட் ஓ’டோனவன் மேற்பார்வையில் நடந்த சிறு பட்டறையில் பிறந்தவை. அவற்றின் எண் ‘எஸ்.பி.’ என்று தொடங்கும். இந்த வண்டியில் எழுத்துகளை அடுத்து வந்த 9, ஆண்டின் கடைசி எண். 1979ஆ, 1989ஆ? அணி 1983இல் முடிந்துபோனது. ஆக, 1979. கியர் மாற்றும் கருவியின் முதுகில் ‘எஃப்.டி.’ இருந்தது. அதைச் செய்த ஷிமானோ கம்பெனியின் கணக்கில் அது 1981 ஏப்ரல், பின்னால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். அணியின் நிறம் பூசிக் கடைக்கு அனுப்பிய சாதாரண இரும்பு வண்டி. சந்தேகத்துக்கு இடமில்லை.

பிறகு உடல்நிலை. முன்குழாய் சேரும் இடத்துக்குப் பின்னால், கீழ்ப்பக்கம் விரலால் தடவினேன். எங்காவது மோதிய வண்டி என்றால் அங்கே பெயிண்ட் சுருங்கி, குழாய் லேசாக மேடு தட்டும். இதில் வழவழவென்று இருந்தது. பின் கவ்வையிலிருந்து முன்குழாயைச் சுற்றி மறு கவ்வைக்கு நூல் கட்டி, சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் அளந்தேன். சமம், சட்டத்தில் கோணல் இல்லை. செயின்தான் தேய்ந்திருந்தது. பன்னிரண்டு அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் எட்டில் ஓர் அங்குலம் நீண்டிருந்தது. பின் சக்கரத்தில் கோட்டம். செயினும் பிரீவீலும் மாற்றி ஓவராயில் பண்ண வேண்டும்.

பெரியவரிடம் எல்லாவற்றையும் காட்டினேன். தன்னிடம் விற்றவர் சொன்னதை நம்பி முப்பது ஆண்டுகள் வைத்திருந்திருக்கிறார். பில்லரைக் கையில் வாங்கி அந்த எண்ணைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். “அப்படியானால் என்ன தருவீர்கள்?” 90 பவுண்டு கொடுத்தேன். நியாயமான விலை. நேரான சட்டத்துக்கு அதைவிடக் குறைத்துக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அப்பாவின் ஹெர்குலிஸை நாங்கள் பழைய இரும்புக்குப் போட்டோம். அதன் எண்ணை யாரும் எழுதி வைக்கவில்லை. உங்கள் வீட்டுக் கொல்லையில் அம்பத்தூர் வண்டி ஏதும் நின்றால், எடைக்குப் போடுமுன் துருவைத் துடைத்து எண்ணைத் தேடிக் குறித்து வையுங்கள்.